வெளியே மீன் செதில், உள்ளே என்ன?

கேள்வி: அண்ணே, வணக்கம். வயது 36, சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, பிங்க் ஐசி (அடையாள அட்டை), குடிமகன்தான். துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் ஒன்பது வருடமாக வெல்டர். என் நண்பர் ஒருவர் வீட்டிலேயே பீர் காய்ச்சுவார். போன தீபாவளிக்கு அவருக்கு ஓர் அண்டா செய்து கொடுத்தேன். தேக்காவில் வாங்கிய எவர்சில்வர் அண்டாவில் ஓட்டை போட்டு, கீழே வால்வுக்கு ஒரு சாக்கெட் (உள்ளே மரை உள்ள குழாய்த் துண்டு), பக்கத்தில் தெர்மாமீட்டருக்கு இன்னொன்று, இரண்டையும் ஆர்கானில் வெல்டு அடித்தேன். மீன் செதில் மாதிரி வந்தது. அதைப் பார்த்து அவருடைய கூட்டாளிகள் ஐந்து பேர் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். இரண்டு பேருக்கு 50 லிட்டர் வேண்டுமாம். மூன்றாமவர் காலி பீர் கெக்கை (எவர்சில்வர் பீப்பாயை)க் கொண்டுவந்து மேல் பக்கத்தை வெட்டித் தரச் சொல்கிறார். நாலாமவருக்கு உள்ளேயே ஹீட்டர் வேண்டும். ஐந்தாமவர் மூடியைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, மேலே ஒரு குழாய் வைத்துக் கேட்கிறார். சின்ன இன்வர்ட்டர் மெஷின் வாங்கி, சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் ஞாயிறுதோறும் செய்யலாம் என்று இருக்கிறேன். யார்டில் கூட வேலை செய்யும், ஒர்க் பெர்மிட்டில் வந்த வெளிநாட்டுத் தம்பி ஒருவரும் உதவிக்கு வருகிறேன் என்கிறார். சாமான் 110 வெள்ளி, 180 வெள்ளிக்குக் கொடுக்கலாமா? தெரிந்தவர்களுக்குத்தானே, இதில் என்ன சிக்கல்? வீட்டில் மட்டும் ‘வேண்டாத வேலை’ என்கிறார்கள்.

பதில்: தம்பி, வணக்கம். இடம், விலை, ஆள், ஹீட்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டீர்கள். வெல்டைப் பற்றி மட்டும் எதுவும் கேட்கவில்லை. ‘மீன் செதில் மாதிரி வந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன். உணவு, பானத் தொழிற்சாலைகளுக்குத் தொட்டியும் குழாயும் செய்யும் பட்டறைகளில் இருபது வருடத்துக்கு மேல் வெல்டிங் பரிசோதகனாக இருக்கிறேன். யாரும் பார்க்காத பக்கத்தை எட்டிப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பால் தொட்டியைப் பார்க்கச் சொன்னார்கள். அடித்தவர் பெரிய கை, பட்டறையில் எல்லாரும் அவரை வாத்தியார் என்பார்கள். வெளியே தடவிப் பார்த்தால் அடுக்கி வைத்த மாதிரி வரிசை. என்னை அனுப்பிவைத்த மூத்தவர் ஒரு டார்ச் லைட்டையும், பல் டாக்டர் வாயில் விட்டுப் பார்ப்பாரே, அந்தச் சின்னக் கண்ணாடியையும் கையில் கொடுத்து, ‘உள்ளே பார்’ என்றார். வெளியேறும் குழாய் தொட்டியோடு சேரும் இடத்தில், உள்பக்கம், பாகு முற்றிக் கருகிய சர்க்கரை மாதிரி கறுப்பாக, சொரசொரவென்று பொரிந்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தது. அந்த வாத்தியார் ஒன்றும் பேசவில்லை. கிரைண்டரை எடுத்து வெட்டிவிட்டு மறுபடி அடித்தார்.

ஆர்கான் வெல்டிங்கில், கையில் பிடிக்கும் வெல்டிங் டார்ச்சிலிருந்து வரும் வாயு நீங்கள் பார்க்கும் பக்கத்தைக் காப்பாற்றும். தகடு மெல்லியது, 1 மில்லி, 1.2 மில்லி. அடுத்த பக்கமும் சேர்ந்து உருகுகிறது. அந்தப் பக்கம் வெறும் காற்று. உருகிய எவர்சில்வர் காற்றைத் தொட்டால் அதிலுள்ள குரோமியம் ஆக்சிஜனோடு கூடிப் பொரிந்துபோகும். எவர்சில்வரைத் துருப்பிடிக்காமல் வைத்திருப்பதே அந்தக் குரோமியம்தான், 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம். மேலே பொரிந்தது போக, அதற்கு அடியில் மிச்சமிருக்கும் தோலில் குரோமியம் குறைந்துவிடும். அந்த இடம் பேருக்குத்தான் எவர்சில்வர். கப்பலில் பத்து மில்லி இரும்புத் தகட்டை அடித்துப் பழகியவருக்கு இந்தத் தொல்லை தெரிய வாய்ப்பில்லை. உங்கள் தவறு என்று சொல்லவில்லை, உங்கள் வேலையில் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

இதைத் தடுக்க உள்பக்கத்துக்கும் ஆர்கான் கொடுக்க வேண்டும். பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம். சாக்கெட் உட்காரும் இடத்தில், அண்டாவின் உள்பக்கத்தில் அலுமினிய ஃபாயிலைக் கிண்ணம் மாதிரி வளைத்து அலுமினிய டேப்பால் ஒட்டுங்கள். இன்னொரு ரெகுலேட்டரிலிருந்து ஒரு குழாயை அதற்குள் விட்டு, மெதுவாக, நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் ஓட விடுங்கள். கிண்ணத்தில் ஒரு ஊசித் துளை இருந்தால் போதும், காற்று வெளியே போய்விடும். ஒரு நிமிடமாவது பொறுத்திருந்து பிறகு பொறி வையுங்கள். ஆம்பியர் 40, 45க்கு மேல் வேண்டாம், கம்பி 308எல். வெல்டு முடிந்ததும் உடனே வாயுவை மூடாதீர்கள், சிவப்பு அடங்கும்வரை ஓடட்டும். உள்ளே வெள்ளியாகவோ லேசான வைக்கோல் நிறமாகவோ இருந்தால் நல்லது. நீலம் என்றால் வாயு போதவில்லை. கறுத்துச் சொரசொரப்பாக இருந்தால் வெட்டி எறிய வேண்டியதுதான்.

இதில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். என் தொழில்காரர்கள் சிலர் இந்த விஷயத்தில் பூச்சாண்டி காட்டுவார்கள். பீர் காய்ச்சும் அண்டாவுக்கு மருந்துக் கம்பெனித் தரம் தேவையில்லை. மால்ட் சாறு, அதாவது முளைகட்டிய தானியத்தின் சாறு, அதில் ஒரு மணி நேரம் கொதிக்கிறது. அந்தக் கொதியில் பீரைக் கெடுக்கும் கிருமி தங்காது. தொல்லை கொதித்து முடிந்த பிறகுதான். சாற்றைக் குளிரவைத்து அதே வால்வு வழியாக இறக்குவார்கள். சாக்கெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் மயிரிழை இடுக்கு இருந்தால், போன மாதம் காய்ச்சியதன் மிச்சம் அதில் உட்கார்ந்திருக்கும். சூடு சரியாகப் போய்ச்சேராத அந்த மூலையிலிருந்து புளிக்கவைக்கும் பாக்டீரியா குளிர்ந்த சாற்றில் கலந்தால், இரண்டு வாரம் கழித்துத் திறக்கும்போது மோர் வாடை அடிக்கும். காய்ச்சியவர் ஈஸ்டைக் குறை சொல்வார், ஊரின் புழுக்கத்தைக் குறை சொல்வார். உங்கள் சாக்கெட்டை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதுதான் எனக்குப் பிடிக்காதது.

ஆகவே சாக்கெட்டை வெளியே மட்டும் சுற்றி அடித்துவிட்டு உள்ளே இடுக்கோடு விடாதீர்கள். சாக்கெட்டின் முனை உள்சுவரோடு சமமாக நிற்கும்படி வைத்து, உள்பக்கத்திலிருந்து விடாமல் ஒரு சுற்று ஓட்டி மூடுங்கள். அப்புறம் மழுங்கத் தேயுங்கள். உணவுத் தொழிற்சாலைகளில் பால், பானம் படும் பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். உங்களிடம் அதை அளக்கும் கருவி இருக்காது. ஒரு பஞ்சை எடுத்துத் தேயுங்கள். இழை மாட்டினால் இன்னும் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

தேய்க்கும் சக்கரம் புதியதாக இருக்கட்டும். யார்டில் இரும்பைத் தேய்த்த சக்கரத்தைக் கொண்டுவந்து எவர்சில்வரில் வைத்தால், இரும்புத் துகளை நீங்களே உள்ளே பதித்துவிடுகிறீர்கள். இரும்புக் கம்பி பிரஷும் அப்படியே. பத்து நாளில் செம்புள்ளி பூக்கும், வாங்கியவர் ‘டூப்ளிகேட் எவர்சில்வர்’ என்பார்.

அந்தச் சந்தேகம் அடிப்படை இல்லாததும் இல்லை. தேக்காவில் தொங்கும் அண்டாக்களில் எல்லாம் 304 கிடையாது. சமையல் பாத்திரங்களுக்கு நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை எஃகு நிறையப் புழங்குகிறது. சோறு வடிக்க அது போதும், ஆனால் வெல்டு சூட்டை வாங்கிய பிறகு 304 அளவுக்குத் துருவைத் தாங்காது. நம் அம்மாக்கள் காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்குவார்கள். இங்கே அந்த வித்தை பலிக்காது. 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது, 304இலும் ஒட்டாது. போதாக்குறைக்கு, நல்ல 304கூட இழுத்து வளைத்த விளிம்பில் லேசாக ஒட்டும். பழைய உலோகம் வாங்கும் பெரிய கடைகளில் துப்பாக்கி மாதிரி ஓர் எக்ஸ்ரே கருவி வைத்திருப்பார்கள். அண்டாவைக் காட்டினால் சில விநாடியில் குரோமியம் எவ்வளவு, நிக்கல் எவ்வளவு என்று சொல்லிவிடும். நிக்கல் 8 சதவீதத்தை ஒட்டி இருந்தால் எடுங்கள்.

வால்வும் சாக்கெட்டும் எவர்சில்வரிலேயே வாங்குங்கள். பித்தளை மலிவுதான், ஆனால் லேத்தில் சுலபமாகக் கடைய வேண்டும் என்பதற்காகப் பித்தளையில் கொஞ்சம் காரீயம் கலப்பது உண்டு. மால்ட் சாறு புளிப்புப் பக்கம் சாய்ந்தது, அமிலத்தன்மை பிஎச் கணக்கில் 5.2, 5.4 என்று நிற்கும். சூடும் புளிப்பும் சேர்ந்தால் காரீயம் கரையும். வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்தக் கம்பியில் காட்மியம் இல்லை என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பழைய ரகங்களில் இருக்கும். என் பாட்டி ஈயச்சொம்பில்தான் ரசம் வைப்பார். அது வெள்ளீயம், ஒன்றும் செய்யாது. வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயத்தைக் கலந்து விற்கிறவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள் என்பதால், சொம்பு வாங்கப் போனால் தெரிந்த கடைக்குத்தான் போவார். சமைக்கும் பாத்திரத்திலிருந்து காரீயம், காட்மியம், ஆர்சனிக் மாதிரி நச்சு உணவில் இறங்கும் என்றால் அதை விற்கவே கூடாது என்று இங்குள்ள உணவு விதிமுறையும் சொல்கிறது. அண்டாவும் பாத்திரம்தானே.

மரையைப் பற்றி ஒரு சொல். குழாய் மரையில் பிஎஸ்பி, என்பிடி என்று இரண்டு ரகம், அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை. கையால் திருகினால் ஒன்றுக்குள் ஒன்று போகும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கினாலும் என்றாவது ஒருநாள் கசியும், கொதிக்கும்போது கசியும். வால்வு, சாக்கெட் இரண்டையும் ஒரே கடையில், ஒரே மரையில் வாங்கிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சிட்ரிக் அமிலம். வெல்டுக் கறையை எடுக்கும் பிக்ளிங் பேஸ்ட் என்று யார்டில் பார்த்திருப்பீர்கள், அதை வீட்டுப் பக்கம் கொண்டுவராதீர்கள். அதிலுள்ள ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் எலும்புவரை போகும். சமையல் சாமான் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோவுக்குக் குறையாமல் கரைத்து, 50, 60 டிகிரிச் சூட்டில் அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவினால் போதும். வெல்டில் ஒட்டிய இரும்புத் துகள் கரைந்து, குரோமியத் தோல் மறுபடி கட்டும். பிறகு நனைத்துக் காயவிட்டு, திரும்ப நனைத்து, ஒருநாள் முழுக்க அப்படியே வையுங்கள். துருப்புள்ளி வந்தால் மறுபடி தேய்ப்பு. கசிவு பார்க்கத் தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க, சாக்கெட்டுக்கு அடியில் பழைய செய்தித்தாள் போட்டு வையுங்கள். யார்டில் ஒருபக்கம் சுண்ணாம்பு பூசி மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவிப் பார்ப்பார்களே, அந்த வேலை இங்கே வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் ஐந்து பேர்.

முதல் இரண்டு பேருக்கு 50 லிட்டர் எதற்கு? சிங்கப்பூரில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டாம். ஆனால் எல்லை உண்டு: 18 வயது ஆனவர், தன் வீட்டில், வீட்டுக் குடிப்புக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல, ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. 50 லிட்டர் அண்டாவில் ஒருதடவை நிறையக் காய்ச்சினாலே மாதக் கணக்கு தாண்டிவிடும். 20 லிட்டர் பீர் வேண்டும் என்றால் கொதிக்க வைக்கும்போது 25, 26 லிட்டர் வைக்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் மூன்று நான்கு லிட்டர் ஆவியாகும், அடியில் வண்டலோடு கொஞ்சம் நிற்கும். நுரை பொங்க மேலே இடம் வேண்டும். 36 சென்டிமீட்டர் விட்டம், 36 சென்டிமீட்டர் உயரம் என்றால் 36 லிட்டர் சொச்சம் கொள்ளும். அதுவே சரியான அளவு. அடுப்பு மேடையிலும் உட்காரும். சாறோடு சேர்த்து அது முப்பது கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். கொதிக்கும் அண்டாவைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கக் கூடாது. வால்வு வைப்பதே அதற்குத்தான்.

கெக்கைக் கொண்டுவந்தவரிடம் அது யாருடையது என்று கேளுங்கள். கடைகளுக்குப் போகும் எவர்சில்வர் கெக் பெரும்பாலும் மதுபான ஆலையின் சொத்து. முன்பணம் கட்டி எடுத்தாலும் அது வாடகைச் சாமான்தான், வாங்கியதாக ஆகாது. கழுத்தில் பெயர் பொறித்திருக்கும். ரசீது காட்டினால் ஒழிய அதில் கை வைக்காதீர்கள். ரசீது இருந்தாலும், உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும் கெக்கில் கிரைண்டர் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எப்படியும் அது 50 லிட்டர் ரகமாகத்தான் இருக்கும். நாசூக்காகத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஹீட்டர் கேட்பவருக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள். இது கைத்திறமை பற்றிய பேச்சு அல்ல. மின்சாரக் கெட்டில், தண்ணீரில் முக்கும் ஹீட்டர், ஏன், மூன்று முள் பிளக்குக்கூட இங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் பொருள்கள். சோதனைச் சான்று வாங்கி, பதிவு செய்து, பாதுகாப்பு முத்திரை ஒட்டாமல் விற்றால் குற்றம். அண்டாவில் ஹீட்டரை வைத்த நிமிடமே நீங்கள் வெல்டர் இல்லை, மின்சாதன உற்பத்தியாளர். கணக்கையும் பாருங்கள். நம் வீட்டு 13 ஆம்பியர் பிளக், 230 வோல்ட்டில், 3,000 வாட் வரைதான் தாங்கும். 25 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கு ஏற்றவே அதில் முக்கால் மணி நேரம், அதன்மேல் ஒரு மணி நேரக் கொதி. அவ்வளவு நேரம் முழுச் சுமையில் எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளக் இளகிப் பழுப்பேறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடையில் முத்திரையோடு விற்கும் இண்டக்‌ஷன் அடுப்பையோ கேஸ் அடுப்பையோ அவர் பார்த்துக்கொள்ளட்டும். இண்டக்‌ஷன் என்றால் அடியில் காந்தம் ஒட்டும் தகடு பதித்த அண்டாவாக எடுக்கச் சொல்லுங்கள், கண்ணாடி மேடை முப்பது கிலோ தாங்குமா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்தாமவர். இறுக்கும் மூடி, மேலே குழாய். தம்பி, அதற்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: வாலை. பீர் காய்ச்சுகிறவருக்கு இறுக்கும் மூடியே வேண்டாம், திறந்து கொதிக்கவிட்டால்தான் வேகவைத்த சோள வாடை ஆவியோடு போகும். மூடி இறுக்கிக் குழாய் கேட்பவர் வடிக்கப் போகிறார். வீட்டில் காய்ச்ச அனுமதி என்பது புளிக்கவைத்த பானத்துக்கு மட்டும்தான். உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பது குற்றம். சட்டத்தை விடுங்கள், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் விரியும். அந்தக் குழாயில் சக்கை அடைத்தால் உங்கள் 1.2 மில்லித் தகடும் சமையலறைக் கிளாம்ப்பும் என்ன செய்யும்? அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனாலும் வேண்டாம்.

துணி காயப்போடும் இடத்தில் வெல்டிங்கும் வேண்டவே வேண்டாம். வீவக வீட்டில் சிறு தொழில் செய்ய இடம் கொடுக்கிறார்கள், ஆனால் கேக் சுடுவது, தையல் மாதிரி வேலைகளை மனத்தில் வைத்துத்தான். சத்தம், புகை, நாற்றம் அக்கம்பக்கத்துக்குப் போகக்கூடாது, வீட்டுக்குப் பொருந்தாத கனரக, மின்சாரம் அதிகம் இழுக்கும் கருவி கூடாது என்று விதி. கிரைண்டர் ஒன்று போதும், எதிர்வீட்டு அம்மா புகார் கொடுக்க. ஆனால் என் கவலை புகார் அல்ல. எவர்சில்வர் வெல்டில் எழும் புகையில் ஹெக்சாவேலன்ட் குரோமியம் என்ற நச்சு வடிவக் குரோமியம் இருக்கிறது, வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருக்கிறது. யார்டில் புகை உறிஞ்சியும் முகமூடியும் வைத்து அடிக்கிறீர்கள். வீட்டில் அதே புகை கொடியில் காயும் பிள்ளைகளின் பள்ளிச் சட்டையில் போய்ப் படியும். ‘வேண்டாத வேலை’ என்று வீட்டில் சொன்னது இதைத்தான் என்றால் அவர்கள் பக்கம்தான் நான்.

பட்டறை வைத்திருக்கும் தெரிந்தவர் யாராவது இருப்பார். ஞாயிறு அரை நாளுக்கு மேசையை வாடகைக்குக் கேளுங்கள், அவருடைய வாயுவுக்கும் சேர்த்துக் காசு கொடுங்கள். எவர்சில்வர் வேலை மட்டுமே செய்யும் பட்டறையாக இருந்தால் இன்னும் நல்லது, இரும்புத் தூசி இருக்காது. உங்கள் யார்டிலேயே வேலை முடிந்து ஓரமாக அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், மேலதிகாரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது. கம்பெனி ஆர்கானில் சொந்த வேலை என்று பேச்சு வந்தால் ஒன்பது வருட நல்ல பெயர் ஒரு மத்தியானத்தில் போய்விடும்.

அந்த ஒர்க் பெர்மிட் தம்பியைச் சேர்க்காதீர்கள். அவர் பெர்மிட்டில் உள்ள முதலாளிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை உதவி என்று நீங்கள் சொல்வீர்கள், மனிதவள அமைச்சு அப்படிப் பார்க்காது. உரிய அனுமதி இல்லாமல் வேலைக்கு வைத்துக்கொள்பவருக்கு அபராதம் 5,000 வெள்ளியில் தொடங்கி 30,000 வரை போகும், சிறையும் உண்டு. நீங்கள் கட்டிவிடுவீர்கள். அவரோ ஊரில் வாங்கிய ஏஜண்டு கடன் அடையாமல் விமானம் ஏற வேண்டியிருக்கும். கூட வந்து உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போகட்டும், வெல்டிங் டார்ச்சைத் தொட வேண்டாம்.

‘தெரிந்தவர்களுக்குத்தானே’ என்கிறீர்கள். முதல் அண்டா பரிசு. இரண்டாவதற்குக் காசு வாங்கினால் அது விற்பனை. லாபத்துக்குத் தொடர்ந்து செய்தால் தொழில். பழுதான பொருளை விற்றால் பொறுப்பாக்கும், 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டம் உங்களுக்கும்தான்: கொடுத்த ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், கொடுக்கும்போதே இருந்த பழுது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. பேசித் தீராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், வக்கீல்கூட வேண்டாம். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு அண்டாவுக்கும் உள்பக்கத்தைப் படம் எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஐசியில் உள்ள முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் தொழில்களைப் பதியும் அக்ராவில் பதிய வேண்டியதில்லை, ‘ஈசூன் அண்டா’ என்று பெயர் வைத்தால் பதிய வேண்டும். வரும் வருமானத்தை வரிக் கணக்கில் காட்டிவிடுங்கள்.

விலைக்கு வருகிறேன். 180இல் 110 போனால் மிச்சம் 70. நான் மேலே சொன்னபடி செய்தால் ஓர் அண்டாவுக்கு ஐந்து மணி நேரம் போகும், அலைச்சல் தனி. மணிக்கு 14 வெள்ளி, அதிலும் ஆர்கானும் மேசை வாடகையும் இன்னும் கழியவில்லை. அதோடு, அண்டாவை நீங்களே வாங்கிக் கொடுத்தால் அது 304 இல்லை என்ற பழியும் உங்கள் தலையில்.

என் யோசனை வேறு. அண்டாவை விற்காதீர்கள். அவரவர் நல்ல 304 அண்டாவும் எவர்சில்வர் சாக்கெட்டும் வாங்கிக்கொண்டு வரட்டும். நீங்கள் வெல்டுக்கு மட்டும் கூலி வாங்குங்கள், ஒரு சாக்கெட்டுக்கு இவ்வளவு என்று. வெல்டே இல்லாமல், சிலிக்கான் வாஷர் போட்டு நட்டால் இறுக்கும் ஃபிட்டிங்கும் சந்தையில் இருக்கிறது. ஒரு ஸ்பேனர் போதும், பத்து நிமிட வேலை. அதில் வாஷருக்கு அடியில் சாறு தங்கும், ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டும். அந்தத் தொல்லை இல்லாத சுத்தமான உள்பக்கம் வேண்டும் என்பவர் மட்டும்தான் உங்களிடம் வருவார். உள்பக்கம் கறுத்துப்போன வெல்டைவிட அந்த வாஷரே மேல், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேரில் கெக்காரரும் ஹீட்டர்காரரும் குழாய்காரரும் போக மிச்சம் இரண்டு பேர், அவர்களும் 36 லிட்டருக்கு இறங்கி வந்தால். அவ்வளவு போதும் முதல் மாதத்துக்கு.

அதற்கு முன் ஒரு வேலை. தீபாவளிக்குக் கொடுத்த அண்டாவை நண்பரிடமிருந்து ஒருநாள் வாங்கிவாருங்கள். வால்வைக் கழற்றி, டார்ச் லைட் அடித்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுச் சாக்கெட்டைச் சுற்றிப் பாருங்கள். உள்பக்க ஆர்கான் கொடுத்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை, அதனால் என்ன தெரியும் என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. கறுப்பாக இருந்தால் வெட்டி எடுத்து, இந்த முறை ஃபாயில் கிண்ணம் ஒட்டி, அவருக்கு மறுபடி அடித்துக் கொடுங்கள். அதற்குக் காசு வாங்காதீர்கள். அந்த உள்பக்கத்தின் படத்தை எனக்கு அனுப்புங்கள், வெளிப்பக்கம் வேண்டாம்.